அரக்கு முத்திரையிட்ட மீன்

சென்ற மாதம் மடவார் வளாகத்தில் என் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் நுழைந்ததுமே சுவரில் ஒரு புதுக் கண்ணாடிச் சட்டம் பளபளத்தது. ஏதோ சாமி படம் போலிருக்கிறது என்று நினைத்துக் கும்பிட்டும்விட்டேன். கிட்டப் போய்ப் பார்த்தால்... படம் இல்லை. கடிதம்!

பட்டணத்தில் செத்த மிருகங்களையும் மீன்களையும் பாட்டிலில் போட்டு அடுக்கி வைத்திருக்கிறார்களே, ஜனங்கள் செத்த காலேஜ் என்று சொல்வார்களே — அங்கிருந்து ஒரு துரை இங்கிலீஷில் எழுதியது. 'தாங்கள் அனுப்பிய மீன் வந்து சேர்ந்தது. மிகவும் வந்தனம்.' இவ்வளவுதான். இரண்டே வரி. அதற்குக் கண்ணாடி, சட்டம், மேலே ஒரு ரோஜாப்பூ வேறு.

கடிதம் யாருக்கு வந்தது? அங்கேதான் வயிற்றெரிச்சல். என் சகலைக்கு!

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் அசிஸ்டெண்ட். வெறும் அசிஸ்டெண்ட்தான் — ஆனால் ஊரே 'டாக்டர் ஐயா' என்கிறது. மலையடிவார ஓடையில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மீனைப் பிடித்தாராம். ஸ்பிரிட் ஊற்றி, பாட்டிலில் போட்டு, லேபிள் ஒட்டி அனுப்பினாராம். நோயாளிக்கு மருந்து கொடுக்கிற மனுஷனுக்கு மீன் எதற்கு? நீங்களே சொல்லுங்கள்.

என் மாமனார் தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஆயுசு முழுக்க துரைமார்களுக்கு விண்ணப்பம் எழுதியே தேய்ந்தவர். துரை ஒருவர் திருப்பி வந்தனம் சொல்லி எழுதிய கடிதத்தை அவர் கண்டதே இல்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் அந்தச் சட்டத்துக்கு முன்னால் நிறுத்திவிடுகிறார். அன்றைக்குச் சாப்பாட்டில் முதல் இலை சகலைக்கு. மூத்த மாப்பிள்ளை நான் — என் இலை இரண்டாவது. பாயசமும் இரண்டாவதாகத்தான் வந்தது.

நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ரிக்கார்டு குமாஸ்தா. ஒரு ரிக்கார்டுக் கட்டைக் கட்டி நான் அரக்கு முத்திரை வைத்தேன் என்றால், அதை உடைக்க ஜட்ஜ் உத்தரவு வேண்டும். அது போக, வாரா வாரம் பத்திரிகையில் இந்த இடத்தில் எழுதுகிறேன். நீங்கள் படிக்கிறீர்கள். இதில் ஒன்றையாவது மாமனார் கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறாரா? என் மாமியார் அதிரசம் மடிக்கக் கிழித்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் பொருமிக்கொண்டே இருந்தேன். என் மனைவி கேட்டேவிட்டாள்.

"அவுகளுக்குக் கடுதாசி வந்தா உங்களுக்கு ஏன் இப்படி எரியுது?"

"எனக்கு என்ன எரிச்சல்? ஒரு பொடி மீனு... இதெல்லாம் ஒரு சாதனையா?"

"அப்ப நீங்களும் ஒண்ணப் புடிச்சு அனுப்புங்க. நம்ம பக்கத்துக் கண்மாய்ல மீனுக்கா பஞ்சம்?"

கேலியாகத்தான் சொன்னாள். எனக்கு அது உபதேசமாகப் பட்டது. ஐப்பசியில் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. சொந்தபந்தம் அத்தனையும் கூடும். அன்றைக்கு எல்லார் முன்னாலும் ஓர் அதிசய மீனை — பாட்டிலில் போட்ட செத்த மீனை அல்ல, உயிருள்ள மீனை — கொண்டுபோய் வைத்தால்? சகலையின் சுண்டுவிரல் மீன் எந்த மூலைக்கு? அப்புறம் அதைப் பட்டணத்துக்கு அனுப்பிவைத்தால் எனக்கும் ஒரு கடிதம். எனக்கும் முதல் இலை.

யோகம் பாருங்கள், அந்த வாரமே கோர்ட்டுக்கு வந்த ஒரு சாட்சி பேச்சுவாக்கில் சொன்னார், தங்கள் ஊர்க் கண்மாயில் நடக்கிற மீன் இருக்கிறது என்று.

அந்த ஊரின் பெயரை எழுத மாட்டேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் மேற்கே மலையைப் பார்த்து ஒரு வண்டிப்பாதை பிரிகிறது. போனால் ஒரு பெரிய கண்மாய், கரையடியில் கொஞ்சம் வீடுகள். இதற்கு மேல் கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் உங்களில் நாலு பேர் அடுத்த வாரமே பாட்டிலோடு கிளம்பிவிடுவீர்கள். என்னை மாதிரி ஆட்கள் நாட்டில் நிறைய உண்டு என்று எனக்குத் தெரியாதா?

அறுபதாம் கல்யாணத்துக்கு முதல் நாள் லீவு போட்டேன். மீரான் ராவுத்தரின் மாட்டு வண்டியைப் பேசிக்கொண்டு கிளம்பினேன். முந்தின நாள் நல்ல மழை. நான் போய் இறங்கியபோது தூறல்தான் மிச்சம். கரையில் முத்துப்பேச்சி என்ற பெண் ஊத்தாவோடு — அதுதான், மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற மூங்கில் கூடை — நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, இங்கே நடக்கிற மீன் இருக்காமே?"

"பனையேறியவா கேக்கீக? இருக்கே ஐயா. மழை பேஞ்சா கரை ஏறும். செத்த நேரம் நில்லுங்க, நீங்களே பாப்பீக."

"பனை மரத்திலேயே ஏறிவிடுமா?"

"அது பனை ஏறுனதப் பாத்த ஒருத்தர, எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அந்த ஒருத்தரத்தான் நான் இன்னும் பாக்கல. கரை ஏறும். அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

எத்தனை வருஷமாகக் கோர்ட்டில் இருக்கிறேன்! இப்படி ஒரு நேர்மையான சாட்சியை நான் கண்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஓரத்துப் புல் அசைந்தது. தவளை என்று நினைத்தேன். ஓர் உள்ளங்கை நீளம், பாசி படிந்த கருப்பு... மீனேதான்! செவுளை விரித்துத் தரையில் ஊன்றுகிறது. வாலால் ஓர் உந்து. ஒரு விரற்கடை முன்னேறுகிறது. மறுபடி ஊன்றல், மறுபடி உந்தல். முழங்கையால் தவழ்கிற குழந்தை மாதிரி வாயை வாயைத் திறந்துகொண்டு கரைமேல் ஏறி வந்தது. என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"பிடி, பிடி!" என்று கத்தினேன்.

"ஐயையோ! நடுவழியில புடிக்க மாட்டோம். கரை ஏறுறத மறிச்சா அடுத்த மழை தள்ளிப் போயிரும்பாக. அந்தப் பக்கத்து ஓடையில எறங்கட்டும். பொறவு புடிச்சுத் தாரேன்."

வேறு வழி? கோர்ட் ரிக்கார்டு குமாஸ்தா குடை பிடித்துக்கொண்டு ஒரு மீனுக்குப் பின்னால் நடந்தேன். என் மாப்பிள்ளை ஊர்வலத்தில்கூட அவ்வளவு மெதுவாகப் போனதில்லை. போகப் போக எனக்கு அந்த மீன்மேலேயே பொறாமை வந்துவிட்டது. இருக்கிற தண்ணீர் பிடிக்கவில்லையா, எழுந்து அடுத்த தண்ணீருக்குப் போகிறது. டிரான்ஸ்பர் ஆர்டர் வேண்டாம், மேலதிகாரி தயவு வேண்டாம். எனக்கு அப்படியா?

ஓடையில் அது இறங்கியதும் முத்துப்பேச்சி ஊத்தாவைக் கவிழ்த்தாள். மேல் வாயில் கையை விட்டு லாகவமாக எடுத்து, நான் கொண்டுபோயிருந்த பித்தளைத் தூக்கில் போட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இதை வேறே யாராவது வந்து கேட்டாங்களாம்மா?" என்றேன், சும்மா ஒரு நிச்சயத்துக்காக.

"மீனுக்கு யாரு வாரா? போன மாசம் ராசபாளையத்து டாக்டரையாதான் வந்தாக."

"எதுக்கு வந்தார்?"

"எம்மகளுக்குக் காய்ச்சல். ரெண்டு நாளாக் கண்ணே தொறக்கல. ஆள் சொல்லிவிட்டதும் அவுகளே வண்டி கட்டி வந்து மருந்து குடுத்தாக. நல்ல வெரால் மீனா ரெண்டு குடுத்தேன், வாங்கவே மாட்டேன்னுட்டாக. தங்கமான மனுசன்."

தங்கமாம்! இங்கேயும் வந்து பெயர் வாங்கிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு காய்ச்சலுக்காக இவ்வளவு தூரம் ஒருவர் வருவாரா? நான் நம்பவில்லை. வேவு பார்க்க வந்திருப்பார் — மீனை! அந்த நினைப்போடு நான் தூக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றும்போது முத்துப்பேச்சி குறுக்கே வந்தாள்.

"தண்ணி நெறைய ஊத்தாதீக ஐயா. ஓலைப் பெட்டியில ஈரப் புல்லப் போட்டு வச்சாலே நாளைக்கும் உசுரோட கெடக்கும். தூக்குலதான் வைப்பேம்னா, அடியில ரெண்டு கை தண்ணி போதும். மூடிய மட்டும் தொறந்து வைங்க."

கேட்டீர்களா? மீனுக்குத் தண்ணீர் வேண்டாமாம்! யார் காதில் பூச் சுற்றுகிறாள்? எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. 'என் மூத்த சகலை என்னைக்காவது வருவார், வந்தால் தண்ணீர் ஊற்றாதே என்று சொல்லு' என்று டாக்டர் ஐயா பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என் மீன் வழியிலேயே காய்ந்து சாக வேண்டும் என்று!

விடுவேனா? தூக்கின் விளிம்பு தட்டத் தட்டத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு சொட்டு இடம் விடவில்லை. மூடியை அழுத்தினேன், துணியால் இறுக்கினேன், நூலால் கட்டினேன். பையிலிருந்து அரக்கை எடுத்து — என் சொந்த அரக்கு, கோர்ட் அரக்கு இல்லை, யாரும் தப்பாக நினைக்க வேண்டாம் — தீக்குச்சி கிழித்து உருக்கி, சுற்றிலும் ஊற்றி, மோதிரத்தால் முத்திரையும் வைத்தேன். இனி சகலை இல்லை, சகலையின் பாட்டன் வந்தாலும் இதைத் திறக்க முடியாது.

"பாவம் ஐயா அது..." என்று முத்துப்பேச்சி இழுத்தாள். நான் வண்டியில் ஏறிவிட்டேன்.

பாதி வழியில் தூக்குக்குள் சத்தம். டொக்... டொக்... மீரான் ராவுத்தர் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, உள்ள தட்டுதே. செத்த தொறந்துதான் பாருங்களேன். மூச்சு முட்டுதோ என்னமோ."

"ராவுத்தரே, மீனுக்கு ஏது மூச்சு முட்டல்? அது பொறந்ததே தண்ணியிலதான். துள்ளுது! நல்ல தெம்பான மீனு!"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தபோது சத்தம் நின்றுபோயிருந்தது. தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் என் மனைவியும் திறக்கச் சொன்னாள். நாளைக்குச் சபையில்தான் முத்திரை உடையும் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் மாமனார் வீட்டில் கூட்டம் நெரிந்தது. தாலி கட்டி, ஆசீர்வாதம் முடிந்து, பந்திக்கு எழுந்திருக்கப் போகிற சமயம். நான் தூக்கோடு நடுக்கூடத்துக்குப் போனேன்.

"மாமா! செத்த மீனை எவன் வேண்டுமானாலும் பட்டணத்துக்கு அனுப்பலாம். உங்க மூத்த மாப்பிள்ளை கொண்டுவந்திருக்கிறது நடக்கிற மீன்!"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சகலை முன்வரிசைக்கே வந்துவிட்டார், ஆசையோடு. அரக்கை உடைத்தேன். மூடியைத் திறந்தேன்.

மீன் வயிற்றை மேலே காட்டி மிதந்தது. வாய் திறந்திருந்தது.

மாமனாரின் தம்பி மெல்லக் கேட்டார், "கொழம்புக்கா மாப்ளே?" அவ்வளவுதான், வீடு இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தார்கள். சுப காரியம் நடக்கிற வீட்டில் செத்த மீனா என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். மாமனார் என்னைப் பார்க்கவே இல்லை. சுவரில் இருந்த சட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிரிக்காதவர் ஒரே ஆள், சகலை. அவர்தான் தூக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப் போனார்.

"அண்ணாச்சி, தண்ணி எம்புட்டு ஊத்துனீக?"

"விளிம்பு வரைக்கும்."

"மூடிக்கும் தண்ணிக்கும் நடுவுல இடமே இல்லையா?"

"இல்லை."

"வழியில மூடியத் தட்டுச்சா?"

"தட்டிச்சு..." என்றேன்.

அவர் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீருக்குள்ளேயே இருந்தாலும் இந்த மீன் அடிக்கடி மேலே வந்து நம்மைப் போலக் காற்றைக் குடிக்கிற ஜாதியாக இருக்க வேண்டும், அதனால்தான் தரையிலும் பிழைக்கிறது என்றார். நான் அதற்கு அந்த ஒரு விரற்கடை காற்றுக்கூட வைக்கவில்லை. மீன் தண்ணீரில் மூழ்கிச் செத்திருக்கிறது! முத்துப்பேச்சி பொய் சொல்லவில்லை. யாரும் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த மனுஷன் நிஜமாகவே காய்ச்சலுக்குத்தான் போயிருக்கிறார். அது மூச்சுக்குத் தட்டியபோது, துள்ளுகிறது என்று நான் சிரித்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, பாவமாக இருந்தது.

அவரே வாழை மரத்தடியில் குழி தோண்டி மீனைப் புதைத்தார். என் தூக்கையும் சாம்பல் போட்டுக் கழுவிக் கொடுத்தார். அதைக்கூட என்ன நேர்த்தியாகக் கழுவுகிறார் என்று ஒரு புறம் எனக்கு எரிந்தது. ஒளிப்பானேன்?

கதை இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன். போன வாரம் தபால்காரர் என் பெயருக்கு ஒரு கவர் கொண்டுவந்தார். பட்டணத்துத் துரைதான்!

'நீர் நிரம்பிய பாத்திரத்தில் பனையேறி மீனை வைத்து, சிறிதும் காற்றுப் புகாதபடி முத்திரையிட்டு, அது நீரிலேயே மூச்சடைத்து இறப்பதைத் தாங்கள் பரிசோதித்ததாகத் தங்கள் சகலை எழுதியிருக்கிறார். மீன் எமக்குத் தெரிந்ததே. ஆயினும் இத்தனை கவனமாகப் பரிசோதிப்பவர்கள் மிகச் சிலர். தங்களுக்கு எமது வந்தனம்.'

நாலு வரி. சகலைக்கு வந்தது இரண்டு வரி.

அன்றைக்கே ராஜபாளையத்துக்கு ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"இது என்ன வேலை? நான் பரிசோதனை செஞ்சேன்னு எழுதிருக்கீகளே! தெரியாமச் செஞ்ச முட்டாத்தனமில்ல அது?"

"நான் பொய் ஒண்ணும் எழுதலையே அண்ணாச்சி. விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தி, அரக்கு வச்சு, யார் சொல்லியும் தொறக்காம ஒரு நாள் பூரா வச்சிருந்தீக. இம்புட்டுக் கவனமா என்னால செஞ்சிருக்க முடியாது."

கிண்டலா என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. பச்சைப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டுக்கொண்டு நின்றார். கூடத்தில் எல்லோரும் சிரித்தபோது என் முகம் போன போக்கு அவருக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் எழுதினார். இதை அவர் சொல்லவில்லை. என் மனைவியிடம் அவள் தங்கை சொன்னது.

மாமனார் என் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குக் கூப்பிட்டார். முதல் இலை எனக்கு! இத்தனை நாள் ஏங்கிய இலை... உட்கார்ந்தால் பாயசம் தொண்டையில் இறங்கவில்லை. இரண்டாவது இலையில் சகலை. "அண்ணாச்சிக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்துங்க" என்கிறார்! பொறாமை எங்கேயாவது ஒரு பொட்டு ஒட்டியிருக்கிறதா என்று அவர் முகத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லவே இல்லை. கடிதத்தை மன்னித்துவிட்டேன், டாக்டர் பட்டத்தை மன்னித்துவிட்டேன். இந்த நல்ல மனசை எப்படி மன்னிப்பது? எனக்கு ஏன் அது வாய்க்கவில்லை? அன்று சாப்பிட்ட சாப்பாடு இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது.

அதனால்தான் நடந்தது நடந்தபடி இங்கே போட்டு உடைத்துவிட்டேன். அந்த மீன் செத்தது பரிசோதனையால் இல்லை, என் பொறாமையால். என் மாமனார் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை. ஆனால் சகலை வாரம் தவறாமல் வாங்கி, அவருக்கு உரக்க வாசித்துக் காட்டுகிறாராம் — அதையும் இப்போதுதான் கேள்விப்பட்டேன். ஆகவே இந்த வாரம் மாமனாருக்கும் உண்மை தெரிந்துவிடும். முதல் இலை போனாலும் போகட்டும்.

நான் மனம் திருந்திவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்... நல்ல மனசிலாவது அந்த மனுஷனை ஒரு தடவை முந்திவிட முடியுமா என்று பார்க்கிறேன், அவ்வளவுதான்!